இரவு இரண்டு மணி விழிப்பும் திருவருகைக் கால அமைதியும்

கேள்வி: ஃபாதர், திருவருகைக் காலம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கத்தில் ஒன்றையே கேட்கிறேன்: ‘ஆண்டவரை நம்புங்கள், மன அமைதி கிடைக்கும்.’ நம்பத்தான் செய்கிறேன். தினமும் செபமாலை சொல்கிறேன். ஆனால் ஜனவரியில் என் கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன். நாள் குறித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் விடியும்வரை தூக்கமில்லை. வாசலில் நட்சத்திரம் கட்டியாகிவிட்டது, பேத்தி குடிலுக்கு வைக்கோல் கேட்டு நச்சரிக்கிறாள், எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. எங்கள் அன்பியத்தில் ஒரு சகோதரி, ‘கவலைப்படுகிறீர்கள் என்றால் விசுவாசம் இல்லை என்றுதான் அர்த்தம்’ என்று சொல்லிவிட்டார். நம்பியும் ஏன் அமைதி வரவில்லை? பிழை எங்கே?

— ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அம்மா, நல்ல கேள்வி, மிகப் பழைய கேள்வியும்கூட. இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசர் ஏறக்குறைய இதே நிலையில் ஒரு வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்த பதிலைத்தான் நாம் இன்றும் திருவருகைக் காலத்தில் கோவிலில் வாசிக்கிறோம். அவரிடம் போகுமுன், உங்கள் அன்பியச் சகோதரி சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டார்.

‘அமைதி’ என்றதும் நாம் என்ன நினைக்கிறோம்? வயிற்றைப் பிசையக் கூடாது, நெஞ்சு படபடக்கக் கூடாது, படுத்தவுடன் தூக்கம் வர வேண்டும். இவையெல்லாம் உடம்பு தரும் சுகங்கள். வந்தால் நல்லதுதான். ஆனால் விவிலியம் அந்தச் சொல்லால் குறிப்பது வேறு. எபிரேய மொழியில் அமைதிக்கு ‘ஷாலோம்’ என்று பெயர். முழுமை, குறைவின்மை என்பது அதன் வேர்ப்பொருள். கடனை முழுதாகத் திருப்பிக் கொடுப்பதற்கும் அதே வேரிலிருந்து பிறந்த வினைச்சொல்தான். தமிழ் விவிலியங்களில் இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன. பழைய மொழிபெயர்ப்பு ‘சமாதானம்’ என்று சொல்லும். நம் பொது மொழிபெயர்ப்பு ‘அமைதி’ என்று சொல்லும். சமாதானம் என்றால் பிணக்கு தீர்ந்து இருவர் சேர்வது. அமைதி என்பது ‘அமைதல்’ என்ற வினையிலிருந்து வருவது: பொருந்துதல், நிறைதல். கொத்தனார் கல்லைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, ‘இப்ப சரியா அமைஞ்சிருச்சு’ என்கிறாரே, அந்த அமைதல். கல் தன் இடத்தில் அமைந்துவிட்டால் மேலே பாரம் ஏறினாலும் நகராது. பாரமே இல்லாத நிலைக்கு அமைதி என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

இப்போது அந்த வாய்க்கால் கரைக்குப் போவோம்.

கி.மு. 735 அளவில் யூதா நாட்டை ஆண்டவர் ஆகாசு. வடக்கே இருந்த இஸ்ரயேல் அரசரும் சிரியாவின் அரசரும் கூட்டுச் சேர்ந்து எருசலேமைப் பிடிக்கப் படை திரட்டினார்கள். செய்தி வந்ததும் அரசரின் நெஞ்சும் மக்களின் நெஞ்சும் காற்றில் ஆடும் காட்டு மரங்களைப்போல நடுங்கின என்கிறது எசாயா நூல். ஆகாசு ஊருக்கு வெளியே, மேல்குளத்து வாய்க்காலின் கோடியில், துணி வெளுப்போர் துறைக்குப் போகும் வழியில் நின்றிருந்தார். முற்றுகை வந்தால் குடிதண்ணீருக்கு என்ன வழி என்று பார்க்கப் போயிருப்பார் என்பது உரையாசிரியர்கள் பலரின் கருத்து. அங்கேதான் இறைவாக்கினர் எசாயா தம் சிறு மகனையும் கூட்டிக்கொண்டு போய் அவரைச் சந்தித்தார்.

எசாயா என்ன சொன்னார் என்பதைக் கவனியுங்கள். ‘நடுங்குகிறாயே, உனக்கு விசுவாசம் இல்லை’ என்று கடிந்துகொள்ளவில்லை. விழிப்பாகவும் அடங்கியும் இருக்கும்படி சொன்னார். அஞ்ச வேண்டாம் என்றார். எதிரிகள் இருவரையும் எரிந்து முடிந்து புகைகிற இரண்டு கொள்ளிக்கட்டைகள் என்றார். கட்டை இருக்கிறது, புகை இருக்கிறது, கண் எரியவும் செய்யும். வீட்டைக் கொளுத்துகிற தீ அதில் இல்லை.

கடைசியில் ஒரு சொல்விளையாட்டு. நீ உறுதியாக நம்பாவிட்டால் உறுதியாக நிற்கமாட்டாய் என்ற கருத்தை எபிரேயத்தில் ஒரே வேர்ச்சொல்லை இரண்டு விதமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறார். அந்த வேர் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு செபத்தின் முடிவிலும் சொல்கிற ‘ஆமென்’ அதிலிருந்து வந்தது. உறுதியாக நிற்பது, தாங்குவது என்று அதற்குப் பொருள். குழந்தையைத் தூக்கி வளர்க்கும் செவிலித் தாயைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் அதே வேரில் பிறந்தது. ஆக, விவிலிய மொழியில் ‘நம்புகிறேன்’ என்றால் ‘என்னைத் தாங்குகிற ஒருவர்மேல் சாய்ந்திருக்கிறேன்’ என்று பொருள். இடுப்பில் இருக்கிற குழந்தையைப் பாருங்கள். சிரிக்கிற குழந்தையும் இடுப்பில் இருக்கிறது. வீறிட்டு அழுகிற குழந்தையும் இடுப்பில்தான் இருக்கிறது. அழுவதால் அம்மா அதைக் கீழே போட்டுவிடுவதில்லை.

சரி, ஆகாசு எங்கே பிழை செய்தார்? நடுங்கியதில் அல்ல. ‘உனக்கு ஓர் அடையாளம் கேள்’ என்று ஆண்டவரே முன்வந்தபோது, ‘நான் ஆண்டவரைச் சோதிக்க மாட்டேன்’ என்று மறுத்தார். கேட்பதற்குப் பக்தியாக இருக்கிறது. ஆனால் அவர் சாய்ந்துகொண்ட இடம் வேறு. கோவிலிலும் அரண்மனைக் கருவூலத்திலும் இருந்த வெள்ளியையும் பொன்னையும் அள்ளி அசீரியப் பேரரசன் திக்லத்பிலேசருக்கு அனுப்பி, ‘நான் உமக்கு அடிமை, வந்து காப்பாற்றும்’ என்றார். அசீரியர் வந்தார்கள், கி.மு. 732-ல் தமஸ்கு விழுந்தது, கொள்ளிக்கட்டைகள் அணைந்தன. யூதாவோ அசீரியாவுக்குக் கப்பம் கட்டும் நாடானது. கண்ணெதிரே இருந்த பயம் போய்விட்டது, பெரிய பயம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆகாசு அடையாளம் கேட்க மறுத்த அந்த இடத்தில்தான் எசாயா, ஓர் இளம்பெண் மகனைப் பெறுவாள், அவன் பெயர் இம்மானுவேல் என்று அறிவித்தார். இம்மானுவேல் என்றால் ‘கடவுள் நம்மோடு’. கிறிஸ்துமஸின் மையச் சொல் ஒரு பயந்த மனிதரிடம்தான் முதலில் சொல்லப்பட்டது.

கதை இத்துடன் முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, கி.மு. 701-ல், அசீரிய மன்னன் சனகெரிபின் தளபதி படையோடு எருசலேமுக்கு வந்து நின்று மிரட்டினான். நின்ற இடத்தை எசாயா நூல் பெயர் சொல்லிக் குறிக்கிறது: மேல்குளத்து வாய்க்கால், துணி வெளுப்போர் துறைக்குப் போகும் வழி. அப்பா நின்ற அதே இடம். இப்போது அரசர் அவர் மகன் எசேக்கியா. இவரும் தொடக்கத்தில் வெள்ளியும் பொன்னும் கொடுத்துத் தப்பப் பார்த்தவர்தான். மிரட்டலைக் கேட்டதும் ஆடையைக் கிழித்துக்கொண்டு சாக்குத்துணி உடுத்தினார். அதாவது, நன்றாகவே பயந்தார். பிறகு எதிரியின் மிரட்டல் கடிதம் கைக்கு வந்தபோது, அதை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போய், ஆண்டவர் முன் விரித்து வைத்தார். விரித்து வைத்துவிட்டு மன்றாடினார். கடவுளுக்கு வாசிக்கத் தெரியாதா என்ன? இருந்தாலும் விரித்து வைத்தார். அப்பாவுக்கும் மகனுக்கும் பயம் ஒன்றுதான். ஒருவர் பயத்தை மறைத்து வைத்தார்; மற்றவர் அதை ஆண்டவர் முன் விரித்து வைத்தார்.

எசேக்கியாவிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கீகோன் ஊற்றின் தண்ணீரை நகருக்குள் கொண்டுவந்தவர் அவர் என்று விவிலியம் சொல்கிறது. பாறையைக் குடைந்து செய்த அந்தச் சுரங்க வாய்க்காலின் நீளம் 533 மீட்டர். இன்றும் எருசலேமுக்குப் போகிறவர்கள் அதற்குள் முழங்கால் தண்ணீரில் நடந்து வருகிறார்கள். இரு முனையிலிருந்தும் ஆள்கள் வெட்டிக்கொண்டே வந்து, நடுவில் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்ட பிறகு சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880-ல் அங்கே கிடைத்தது; இப்போது அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செபமும் சுரங்கமும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை. தண்ணீருக்கு வழி பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரைப் படைத்தவரைப் பார்க்க மறந்தால்தான் குறை என்று எசாயாவே வேறோர் இடத்தில் எருசலேம் மக்களைக் கண்டிக்கிறார்.

ஆகாசின் கதை ஏன் டிசம்பரில் நமக்கு வாசிக்கப்படுகிறது என்று கேட்பீர்கள். திருவருகை என்பது ‘அத்வெந்துஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் தமிழ். வருகை என்று பொருள். உரோமையில் பேரரசர் ஒரு நகருக்குள் எழுந்தருளும் சடங்குக்கும் அந்தப் பெயரே இருந்தது. திருவருகைக் காலம் புனித அந்திரேயா திருநாளான நவம்பர் 30-ஐ ஒட்டி வருகிற ஞாயிறில் தொடங்கி கிறிஸ்துமஸ் முன்மாலையோடு முடியும். எனவே ஆண்டுக்கு ஆண்டு 22 நாளிலிருந்து 28 நாள்வரை நீளம் மாறும். பலரும் இதைக் குழந்தை இயேசுவுக்கான முன்னேற்பாடு என்று மட்டும் நினைக்கிறார்கள். டிசம்பர் 16 வரை வழிபாடு ஆண்டவரின் இரண்டாம் வருகையை முன்னிறுத்துகிறது. 17-ஆம் தேதியிலிருந்துதான் வழிபாடு பெத்லகேமை நோக்கித் திரும்புகிறது. முதல் ஞாயிறின் நற்செய்தி மூன்று ஆண்டுச் சுற்றிலும் ஒரே கட்டளை இடுகிறது: விழித்திருங்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்காரும் உங்களுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் தூக்கமின்மை வேறு, விழிப்பு வேறு. பிரசவ வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் தூங்குவதில்லை. அவள் ஒருவருடைய வருகைக்காகக் காத்திருக்கிறாள். நீங்கள் இப்போது ஒரு தேதிக்காகக் காத்திருக்கிறீர்கள். அந்தத் தேதிக்கு முன்பும் அன்றும் பின்பும் வருகிற ஒருவருக்காகக் காத்திருக்கப் பழக்குவதுதான் இந்த நான்கு வாரத்தின் வேலை.

மூன்றாம் ஞாயிறன்று ஊதா உடைக்குப் பதில் குருவானவர் ரோஜா நிற உடை அணியலாம். அதற்குக் ‘கவுதேத்தே’ ஞாயிறு என்று பெயர். ‘மகிழுங்கள்’ என்று பொருள். வருகைப் பல்லவி பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வருகிறது. சிறையிலிருந்து எழுதிய கடிதம் அது. எதைப் பற்றியும் கவலைப்படாமல், நன்றியோடு உங்கள் தேவைகளைக் கடவுளிடம் தெரிவியுங்கள்; அப்போது அறிவுக்கு எட்டாத அமைதி உங்கள் உள்ளத்தைக் காக்கும் என்பது அடுத்து வரும் வரிகளின் சாரம். உங்கள் சகோதரி மனத்தில் வைத்துப் பேசியதும் இந்தப் பகுதியாகத்தான் இருக்கும். அதில் இரண்டு விஷயத்தை நாம் கவனிப்பதில்லை.

முதலாவது, ‘காக்கும்’ என்பதற்குப் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் படைத்துறைச் சொல். கோட்டைக்குக் காவற்படை நிறுத்துவதைக் குறிப்பது. பிலிப்பி நகரில் ஓய்வுபெற்ற உரோமைப் படைவீரர்கள் குடியமர்த்தப்பட்டிருந்ததால், அந்தச் சொல் அங்கே எல்லாருக்கும் விளங்கியிருக்கும். எதிரியே இல்லாத ஊருக்குக் காவற்படை எதற்கு? வெளியே முற்றுகை இருக்கும்போதுதான் உள்ளே காவல். உங்கள் இரண்டு மணி விழிப்பு, காவல் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

இரண்டாவது, அதே கடிதத்தில் பவுலின் தோழர் எப்பப்பிராதித்து சாகக் கிடந்து பிழைத்த செய்தி வருகிறது. கடவுள் அவருக்கு இரங்கினார், தமக்கும் இரங்கினார், இல்லாவிட்டால் துயரத்தின்மேல் துயரம் வந்திருக்கும் என்று பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். அவரை உங்களிடம் அனுப்பிவைத்தால் என் மனத்துயரும் குறையும் என்கிறார். கவலைப்படாதீர்கள் என்று எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. நோயாளிக்காகத் தவித்தது விசுவாசக் குறை என்றால், அந்தக் குறை பவுலுக்கும் இருந்தது.

நம் காலத்துக்கு நெருங்கிய ஒருவரையும் சொல்கிறேன். ஜெர்மானிய லூத்தரன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் ஹிட்லரை எதிர்த்ததால் 1943 ஏப்ரலில் கைதாகி பெர்லினின் டேகல் சிறையில் இருந்தார். அந்த ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி, திருவருகைக் காலம் பிறக்க ஒரு வாரம் இருக்கையில், நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சிறை அறையை அந்தக் காலத்தோடு ஒப்பிட்டார். காத்திருக்கிறோம், ஏதேதோ சின்ன வேலை செய்கிறோம். கதவோ பூட்டியிருக்கிறது, அதை வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்பது அவர் சொன்னதன் சாரம். அடுத்த ஆண்டு எழுதிய ஒரு கவிதையில், தம் கம்பீரத்தைப் பிறர் மெச்சுவதையும், உள்ளே தாம் கூண்டுப் பறவைபோலத் தவிப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் எது நான் என்று கேட்டார். தவிப்பு தீர்ந்ததாக அவர் எழுதவில்லை. எப்படி இருந்தாலும் தாம் கடவுளுடையவர் என்று முடித்தார். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார்.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரான பதில்: பிழை உங்கள் விசுவாசத்தில் இல்லை, நீங்கள் வைத்த அளவுகோலில் இருக்கிறது. தூக்கத்தை வைத்து நம்பிக்கையை அளக்கிறீர்கள். யார்மேல் சாய்ந்திருக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நடுக்கத்தோடும் தினமும் செபமாலையைக் கையில் எடுக்கிறீர்கள் அல்லவா?

என்ன செய்யலாம்? எசேக்கியா வழியில் இரண்டு காரியம். சுரங்க வேலையை முதலில் செய்யுங்கள். ரத்தம் கொடுக்க ஆள், மருத்துவக் காப்பீட்டுத் தாள்கள், ஆஸ்பத்திரியில் உடனிருக்கப்போவது யார் என்பதெல்லாம் பகலிலேயே ஒரு நோட்டில் எழுதி முடிவாகட்டும். முடிவாகாத வேலைதான் பல நேரம் நம்மை இரவில் எழுப்புகிறது. தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்; அது பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

அடுத்தது, கடிதத்தை விரிப்பது. முதல் ஆண்டு வாசகச் சுற்றில் நான்காம் ஞாயிறன்று ஆகாசின் கதையோடு சேர்த்து வாசிக்கப்படும் நற்செய்தி சூசையப்பரைப் பற்றியது. அவருக்கும் குழப்பம், அவருக்கும் ‘அஞ்ச வேண்டாம்’ என்ற சொல். விவிலியத்தில் அவர் வாய் திறந்து பேசியதாக ஒரு வரிகூட இல்லை. தூங்கினார், எழுந்தார், சொன்னபடி செய்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தம் மேசையில் உறங்கும் சூசையப்பர் சுரூபம் ஒன்றை வைத்திருந்தார். ஏதாவது சிக்கல் வந்தால் ஒரு தாளில் எழுதி அதன் அடியில் வைத்துவிடுவதாக 2015 ஜனவரியில் மணிலாவில் குடும்பங்களிடையே பேசும்போது அவரே சொன்னார். திருத்தந்தைக்கும் தாள் தேவைப்பட்டிருக்கிறது.

பேத்தி கேட்ட வைக்கோலை வாங்கிக் கொடுங்கள், அம்மா. குடிலில் சூசையப்பரை வைக்கும்போது, ஆபரேஷன் தேதியை ஒரு சின்னத் தாளில் எழுதி அவர் காலடியில் வைத்துவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் எழுந்து வந்து அந்தத் தாள் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு ‘ஆமென்’ சொல்லிவிட்டுப் போய்ப் படுங்கள். தூக்கம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. உங்கள் கணவருக்காக நாங்களும் வேண்டிக்கொள்கிறோம்.